பாசிக்குடாவில் இரண்டு இரவுகள்

திருமண நாளைக் கொண்டாடும் பழக்கம் எங்கள் பெற்றோர் காலத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒரு பாயாசம், கோயிலில் ஓர் அர்ச்சனை, அவ்வளவுதான். கல்யாணம் முடித்த திகதியை அம்மாவிடம் கேட்டால், "ஆவணியில ஒரு வியாழக்கிழமை" என்பார். ஆண்டை அண்ணனின் வயதிலிருந்து கணக்குப் பார்த்துத்தான் சொல்வார். ஆகவே, எங்களுடைய பத்தாவது திருமண நாளுக்காக 2024 ஆவணியில் பிள்ளைகள் இருவரையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் கணவரும் இரண்டு இரவுகள் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் தங்கப் போகிறோம் என்று சொன்னபோது அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏன், உங்கட வீட்டுக்கு என்ன நடந்த?"

பக்கத்து வீட்டில் கேட்ட கேள்வி வேறு. "பிள்ளைகளை விட்டிட்டா போறீங்க?" என் கணவரிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுக் காசு கையில் இருந்தது. ஓர் இரவுக்கு இருவருக்கும் சாப்பாட்டோடு 45,000 ரூபா. கணக்குப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு ஒன்றரை மாதச் சாமான் வாங்கலாம். இவர் நுவரெலியாவுக்குப் போவோம் என்றார். நான்தான் பாசிக்குடா என்று பிடிவாதமாக நின்றேன். என் கணவர் நாவலடியில் பிறந்தவர். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல், அதுதான் நாவலடி. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு இவர் கடலில் கால் நனைத்தது கிடையாது. அன்றைக்கு இவருடைய அம்மாவும் ஒரே தங்கையும் போய்விட்டார்கள். கல்யாணப் பேச்சின்போது எங்கள் வீட்டாருக்கு இது சொல்லப்பட்டது. அதன்பின் பத்து வருடங்களாக எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வசனம்கூடக் கதைத்தது இல்லை. வருடா வருடம் அந்த நாளில் இவர் விளக்கு ஏற்றுவார், மத்தியானம் சாப்பிடமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

நான் செய்கிற தொழில், பிணக்குப்பட்டு வருகிற குடும்பங்களை உட்கார வைத்து, "மனம் விட்டுக் கதையுங்கள்" என்று சொல்வது. அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

மட்டக்களப்பிலிருந்து பாசிக்குடா ஏறக்குறைய 35 கிலோமீற்றர். வாழைச்சேனை பஸ்ஸில் ஏறினோம். ஏறாவூர், செங்கலடி தாண்டி வந்தாறுமூலை வரும்போது கிழக்குப் பல்கலைக்கழக வாசலைப் பார்த்துக்கொண்டேன். சமூகவியல் படித்த நான்கு வருடமும் இதே பாதையில், இதே நெரிசலில் பயணம் செய்தவள் நான். அப்போதெல்லாம் வடக்கே இன்னும் அரை மணித்தியாலம் போனால் பாசிக்குடா வரும் என்று தெரியும். ஆனால் நான்கு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் போனோம், அதுவும் பட்ச் பிள்ளைகளோடு. கரையில் நின்று படம் எடுத்துவிட்டு, சல்வாரின் கால் நனைந்ததற்கே பயந்துகொண்டு திரும்பி வந்தோம்.

சித்தாண்டி முருகன் கோயிலைக் கடக்கும்போது இவர் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டார். பிறகு சந்திவெளி, கிரான், கும்புறுமூலை. வாழைச்சேனையில் இறங்கினோம். 1956இல் தொடங்கிய கடதாசி ஆலையால் பெயர் பெற்ற ஊர் இது. எங்கள் தகப்பன்மார் காலத்தில் இந்தப் பகுதியில் "ஆலையில வேலை" என்றால் மாப்பிள்ளைக்கு மதிப்பு. அங்கிருந்து ஆட்டோவில் பேத்தாழை வழியாகக் கல்குடா, அதற்கடுத்து பாசிக்குடா. ரயிலில் வருபவர்கள் கல்குடாவிலேயே இறங்கலாம், அங்கே ஒரு சிறிய நிலையம் உண்டு.

பாசிக்குடா என்றால் பாசி படர்ந்த குடா. பெயரிலேயே இடத்தின் இயல்பு இருக்கிறது. அரைவட்டமாக வளைந்த கரை. வெளியே பவளப்பாறை அரண்போல இருந்து அலையை உடைத்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம்போல் கிடக்கும். நூறு மீற்றருக்கு மேல் நடந்து போனாலும் இடுப்பைத் தாண்டாது. எங்கள் கல்லடிக் கடலில் நாலு எட்டு வைத்தால் நிலம் காலை விட்டுப் போய்விடும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது கடல் என்று நம்பவே கொஞ்ச நேரம் எடுக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை இப்படி அமைதியாக இருக்கும். வாடைக்காற்று தொடங்கினால் இங்கேயும் கடலின் குணம் மாறும்.

1970களில் இங்கே ஹோட்டல்கள் இருந்தன. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி, பிறகு யுத்தம், சுனாமி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்து கரையைக் காலியாக்கின. 2009இல் யுத்தம் முடிந்தபின் அரசாங்கம் இந்த இடத்தைச் சுற்றுலா வலயமாக்கிக் காணிகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. 2011 முதல் ஒவ்வொன்றாக ஹோட்டல்கள் எழும்பின. மீனவர்களின் தோணித்துறை ஒரு மூலைக்கு ஒதுங்கியது. நாங்கள் தங்கிய ஹோட்டலின் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்தால் அந்த மூலை தெரியும். காலையில் வலை உதறுகிற சனம், இந்தப் பக்கத்தில் வெயில் காய்கிற சனம். இடையில் ஒரு கயிறுகூட இல்லை. ஆனாலும் ஒருவரும் மறுபக்கம் போவதில்லை.

அறைக்குள் போனதும் கட்டிலைப் பார்த்துத் திகைத்துவிட்டோம். இரண்டு வெள்ளைத் துவாய்களை மடித்து, கழுத்தோடு கழுத்து முட்டிய இரண்டு அன்னங்கள் செய்து வைத்திருந்தார்கள். சுற்றிவரச் செவ்வரத்தம் பூ, இலைகளால் ஆங்கிலத்தில் திருமண நாள் வாழ்த்து. இவர் வெட்கப்பட்டு, "இதை எங்க எடுத்து வைக்கிற?" என்று கேட்டார். படுப்பதற்காக அன்னங்களைக் கலைக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் நான்தான் தூக்கி மேசையில் வைத்தேன்.

முதலாவது பகல் எனக்கு மிகவும் கஷ்டமாகப் போனது. சொன்னால் சிரிப்பீர்கள். பதினொரு மணியாகிறது, உலையில் அரிசி போடத் தேவையில்லை. பன்னிரண்டரையாகிறது, பாடசாலைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவரத் தேவையில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் குளித்துவிட்டுக் குளியலறைத் தரையைத் துடைத்தேன், கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அறை துப்புரவு செய்ய வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, "நீங்க விடுங்க மிஸ், நான் செய்யிறன். இல்லாட்டி எனக்குத்தான் ஏச்சு விழும்" என்றார்.

நாற்பது வயதிருக்கும். ஊர் பேத்தாழை. அன்னங்களைச் செய்தவரும் அவர்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு அன்னம்கூடச் செய்திருக்கிறாராம். "கலியாணம் முடிச்ச புதுசில எனக்கு ஒருத்தரும் ஒரு பூவும் வைக்கல்ல" என்று சிரித்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் சொந்தக்காரரே அவருடைய வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்களாம். ஹோட்டல் வேலை என்றால் பெண்ணுக்குக் கெட்ட பெயர் என்ற எண்ணம் எங்கள் மாவட்டத்தில் இன்னும் போகவில்லை. சமையலறையில், மேசையில், வரவேற்பில் நாங்கள் கண்டவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள், அவர்களிலும் பலர் வெளிமாவட்டத்தவர். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு ஹோட்டல் வெறிச்சோடியபோதும், கொரோனாக் காலத்திலும், 2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோதும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் தானும் ஒருத்தி என்றார். ஆனாலும் இந்தச் சம்பளத்தில்தான் மகளை உயர்தரம் வரை படிப்பித்திருக்கிறார். இப்போது அதே சொந்தக்காரர் தங்கள் மகளுக்கு வேலை கேட்டு வருகிறார்களாம்.

பின்னேரம் நான் நீச்சல் தடாகத்துக்குப் போனேன். நீந்தத் தெரியாது, படியில் இருந்து கால் நனைத்து, மெல்ல இறங்குவோம் என்ற எண்ணம். பழைய பருத்திச் சல்வார் உடுத்தியிருந்தேன். ஒரு தம்பி ஓடிவந்து மிகவும் மரியாதையாக, "சொறி மிஸ், நீச்சல் உடுப்பு இல்லாம இறங்கேலாது" என்றார். சுவரில் அறிவித்தலும் இருந்தது. பருத்தித் துணியின் நூல் வடிகட்டியில் அடைக்கும் என்பது காரணம். காரணம் பொய்யல்ல, அந்தத் தம்பியிலும் பிழையில்லை. ஆனால் அரைக் காற்சட்டையோடு தடாகத்தில் பந்தடித்துக்கொண்டிருந்த ஆண்களிடம் அது என்ன துணி என்று ஒருவரும் கேட்கவில்லை. நீச்சல் உடை என்று விதி எழுதியவர், இந்த மாவட்டத்துப் பெண்களில் எத்தனை பேர் தடாகத்துக்கு அப்படி ஒரு உடுப்போடு வருவார்கள் என்று யோசித்திருப்பாரா? உடம்பை மூடிய நீச்சல் உடுப்புகள் ஓட்டமாவடிப் பக்கம் கடைகளில் விற்கிறார்கள் என்று என்னோடு வேலை செய்யும் சகோதரி ஒருவர் பின்னர் சொன்னார். முன்கூட்டித் தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேன். அன்றைக்கு முகம் சிவந்து அறைக்குத் திரும்பியதுதான் மிச்சம்.

இராச் சாப்பாடு வெளியே மணலில். எங்கள் மேசைக்கு மெழுகுதிரி வைத்து விசேடமாக அலங்கரித்திருந்தார்கள். சுற்றிலும் சோடி சோடியாக வெளிநாட்டவர்கள். அவர்கள் என்ன கதைத்தார்களோ தெரியாது, நாங்கள் கதைத்தது முழுவதும் பிள்ளைகளைப் பற்றியே. மூத்தவள் மாத்திரை குடித்தாளா, சின்னவன் அம்மம்மாவோடு படுப்பானா. இருபது நிமிடத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமில்லை. நண்டுக் கறியைப் பார்த்து, "நம்மட ஊர் நண்டு மாதிரி இல்ல" என்றார். "ஓம்" என்றேன்.

அறைக்குத் திரும்பும்போது இவர் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். "இந்தக் கடலுக்குச் சத்தமே இல்ல, என்ன?" என்றார். பத்து வருடத்தில் கடலைப் பற்றி இவர் வாயிலிருந்து வந்த முதல் வசனம் அது.

அடுத்த நாள் விடிய ஐந்தரைக்கு நான் எழும்பிவிட்டேன். பேத்தாழை அக்கா முதல் நாள் போகும்போது ஒரு யோசனை சொல்லியிருந்தார்: "தடாகத்தை விடுங்க. வெள்ளன, சனம் வர முந்தி கடலுக்குப் போங்க. சல்வாரோட எண்டாலும் ஒருத்தரும் கேக்கமாட்டாங்க." உண்மைதான், கடற்கரை ஹோட்டலுக்குச் சொந்தமல்ல, எல்லோருக்கும் பொது. சால்வையை அறையில் விட்டுவிட்டு, தலைமயிரை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். இவரும் வந்தார். "நான் கரையில இருக்கிறன். நீ போ" என்று மணலில் உட்கார்ந்துகொண்டார்.

பொதுமக்கள் குளிக்கும் பக்கமாக ஆறேழு பெண்கள் ஏற்கெனவே தண்ணீரில் நின்றார்கள். இரண்டு பேர் வயதானவர்கள், கதைத்துக்கொண்டே கழுத்து மட்டும் தாழ்ந்து நின்றார்கள். ஒரு இளம் பெண் மல்லாந்து கிடந்தாள். கைகளை விரித்து, கண்ணை மூடி, வானத்தைப் பார்த்துப் படுத்த மாதிரி. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எப்படித் தங்கச்சி?" என்று கேட்டேன். "தலையைத் தூக்காம இருந்தாச் சரி அக்கா. பயந்து தலையைத் தூக்கினாத்தான் தாழும்" என்றாள். ஓட்டமாவடி ஆஸ்பத்திரியில் தாதி வேலை பார்ப்பவளாம்.

அவள் சொல்லித் தந்ததை இங்கே எழுதிவிடுகிறேன், சகோதரிகளுக்குப் பயன்படும். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் உங்கள் பிடரியையும் முதுகையும் உள்ளங்கையால் தாங்க வேண்டும். நீங்கள் மெல்லச் சாய வேண்டும். காது இரண்டும் தண்ணீருக்குள் போகும், அது முதலில் பயமாக இருக்கும். நாடியைச் சற்று மேலே உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை நிறைய இழுத்து வைக்க வேண்டும். நுரையீரலில் காற்று இருக்கும்வரை உடம்பு மேலே நிற்கும். கடல் நீரில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால் குளத்தைவிடக் கடலில் மிதப்பது இலகு. காலை உதறத் தேவையில்லை, கையை அடிக்கத் தேவையில்லை. சும்மா இருப்பதுதான் வேலை.

முதல் நாள் முழுவதும் சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தவளுக்கு இதுதான் கஷ்டமான பாடம். மூன்று முறை உப்புத் தண்ணீர் குடித்தேன். நாலாவது முறை அந்தப் பிள்ளை கையை எடுத்தது எனக்குத் தெரியவில்லை. காதுக்குள் ஒரு நிசப்தம். சூரியன் அப்போதுதான் கடலில் இருந்து எழும்பிக்கொண்டிருந்தது. பதினைந்து விநாடி இருக்குமோ என்னவோ, பிறகு சிரித்து, தாழ்ந்து, இருமிக்கொண்டு எழும்பினேன். கரையில் இவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் தாழ்ந்ததைத்தான் கண்டிருக்கிறார்.

ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஈரச் சல்வாரால் மணலெல்லாம் ஒட்டிக்கொண்டது. "ஒண்டுமில்ல, மிதக்கப் பழகினன்" என்றேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதைத்தார். அதை இவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

தங்கைக்கு அப்போது பதினைந்து வயது. இவருக்கு இருபது. நாவலடிப் பொடியன்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். வாவியில் விழுந்து எழும்பிப் பழகியதுதான், ஒருவரும் பழக்கவில்லை. 2004 ஆனி மாதம் அளவில் தங்கை, "அண்ணா, எனக்கும் பழக்குங்க" என்று கேட்டிருக்கிறாள். வாவியில், வீட்டுக்குப் பின்னால்தான். அப்பா ஏசினாராம்: "பெரிய பிள்ளையாகிட்டுது, தண்ணிக்குள்ள என்ன ஆட்டம்?" அப்பா சொன்னது போகட்டும், தானும் சிரித்து, "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு நீச்சல்?" என்று சொன்னதுதான் இவருக்கு மறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, கிறிஸ்மஸுக்கு மறுநாள், போயா தினம், ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா அடுப்படியில். தங்கை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்தபோது இவர் நீந்தினார், ஒரு தென்னையைப் பிடித்தார். அம்மாவின் சேலை வேலிக் கம்பியில் சிக்கியதைக் கண்டார். தங்கையைக் காணவில்லை. அம்மாவின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். தங்கையின் உடல் கிடைக்கவே இல்லை.

"நீந்தத் தெரிஞ்ச நான் இருக்கிறன்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அலுவலகத்தில் மற்றவர்களுக்குச் சொல்கிற வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

சுனாமி பற்றிப் படித்தவை எனக்கு இருந்தன, ஆனால் அவற்றை அப்போது நான் எடுக்கவில்லை. இங்கே எழுதுகிறேன். அம்பாறை மாவட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களில் நூற்றுக்கு 17.5 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேரும் இறந்திருந்தார்கள். இந்தோனேசியாவின் ஆச்சே பெசார் மாவட்டத்தில் நான்கு கிராமங்களில் தப்பியவர்கள் 676 பேர், அவர்களில் பெண்கள் 189 பேர் மட்டுமே என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005 மார்ச்சில் எழுதியது. கடல் ஆண், பெண் பார்த்து அடிக்கவில்லை. ஆண் பிள்ளைகள் மரம் ஏறவும் நீந்தவும் பழகியிருந்தார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள், பிள்ளைகளைத் தேடித் திரும்பி ஓடினார்கள், நீண்ட கூந்தலும் சேலையும் அவர்களைப் பிடித்து வைத்தன. பால்நிலை என்று நாங்கள் பயிற்சிப் பட்டறைகளில் வெள்ளைப் பலகையில் எழுதுகிற சொல்லுக்கு அந்தக் காலையில் இருந்த பொருள் இதுதான்.

அதன்பின்பும் எங்கள் பக்கத்தில் பெரிதாக மாறியதாகச் சொல்ல முடியாது. தெற்கே வெலிகமப் பக்கம் வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அறுகம்பையில் 2018இல் பெண் பிள்ளைகள் அலைச்சறுக்குக்கு ஒரு கழகமே அமைத்தார்கள், வீட்டாரின் ஏச்சையும் ஊராரின் பேச்சையும் தாண்டி. மட்டக்களப்பில் வாவி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் இருக்க, நூற்றுக்கணக்கான மாதர் சங்கக் கூட்டங்களில் நான் இருந்திருக்கிறேன். கோழி வளர்ப்பு, தையல், சிறுகடன் எல்லாம் கதைத்தோம். நீச்சல் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை.

எங்கள் மூத்தவளுக்கு ஒன்பது வயது. பாடசாலையில் நீச்சல் வகுப்புக்குப் பெயர் கேட்டுக் கடிதம் வந்தபோது இவர் கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. தண்ணீருக்குப் பயம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். உள்ளே கிடந்தது வேறு என்று இப்போதுதான் தெரிந்தது. வேறு யாராவது பழக்கி, இவள் மட்டும் நீந்தினால் தங்கைக்குச் செய்த துரோகம் இன்னும் பெரிதாகிவிடும் போல் ஓர் எண்ணம். அதில் நியாயம் இருக்கிறதா என்று கேட்கக்கூடாது. துக்கத்துக்கு அதனதன் கணக்கு.

அன்று பகல் முழுவதும் அறையில் படுத்துத் தூங்கினோம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பகல் தூக்கம். பின்னேரம் எழும்பிக் கல்குடாப் பக்கம் நடந்தோம். அந்தக் கரை ஆள் குறைவு, அழகு கூட, ஆனால் ஆழமும் இழுவையும் அங்கே உண்டு, குளிக்க நல்லதல்ல. தோணித்துறையில் ஓர் ஐயாவோடு இவர் கதைத்துக்கொண்டு நின்றார். என்ன மீன் படுகிறது, எந்த வலை என்று. எந்த ஊர் என்று அவர் கேட்டபோது, "நாவலடி" என்றார். அந்த ஐயா தலையை மட்டும் ஆட்டினார். இங்கும் அதே தண்ணீர்தானே வந்தது.

மூன்றாம் நாள் விடிய நான் எழும்ப முன்பே இவர் எழும்பியிருந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வா" என்றார்.

முழங்கால் வரை கை பிடித்து வந்தார். அங்கே நின்றுவிட்டார். நான் இழுக்கவில்லை. சிறிய மீன்கள் காலைச் சுற்றி ஓடின. ஒரு ஐந்து நிமிடம் அப்படியே. பிறகு தானாக நடந்தார், தொடை, இடுப்பு. என் பிடரிக்குக் கீழே கை வைத்து, "சாய்" என்றார். கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. காது தண்ணீருக்குள் போனபின் இவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. பிறகு கேட்டேன். "தலையைத் தூக்காத எண்டு சொன்னன்" என்றார்.

போவதற்கு முன்பு பேத்தாழை அக்காவைத் தேடிப் போய், கையில் கொஞ்சக் காசு வைத்தேன். வாங்க மறுத்து, பின் வாங்கினார். மிஸ் என்றவர் அப்போது, "தங்கச்சி, அடுத்த முறை பிள்ளைகளையும் கூட்டி வாங்க, ஹோட்டல் வேணாம், எங்கட வீட்ட நில்லுங்க" என்றார். இந்தக் கடலில் குளித்து எத்தனை நாள் என்று அவரைக் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகு நேரம் கிடைக்கவில்லையாம்.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஹோட்டலில் தங்கித்தான் பாசிக்குடாவைப் பார்க்க வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பிலிருந்து முதல் பஸ் எடுத்து மாதர் சங்கமாகவே போய் மத்தியானத்துக்குள் திரும்பலாம். பொதுக் கரையில் சனி, ஞாயிறு நெரிசல், வார நாள் நல்லது. உடுப்பு, உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். சால்வை, நீண்ட பாவாடை வேண்டாம், நனைந்தால் அவைதான் காலைக் கட்டும்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரம் நான்கு மணி. சின்னவன் பையைக் கிண்டத் தொடங்கினான். மூத்தவள் நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கடலுக்குள்ள இறங்கினீங்களா?"

"ஓம்."

"எவ்வளவு மட்டும்?"

இவர் குனிந்து, கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். இடுப்புக்கு மேல் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன். பாடசாலைக் கடிதம் எங்கே வைத்தேன் என்று இவர் சாலைக்குள் இருந்து கேட்டார்.